முதல் கிராக்மீயிலிருந்து முதல் சாவி நிரல் வரை: ரிவர்ஸ் இன்ஜினியரிங் பழகும் வரிசை

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் மடிக்கணினியோடு கூடுகிறோம். வேலை ஒன்றுதான்: கிராக்மீ அவிழ்ப்பது. கிராக்மீ என்றால் பிரித்துப் பார்ப்பதற்கென்றே எழுதிய சிறு நிரல். கடவுச்சொல் கேட்கும், சரி என்றோ தவறு என்றோ சொல்லும். மூல நிரல் கையில் இருக்காது, இயந்திர மொழிக்கு மாறிய பைனரி மட்டுமே இருக்கும். சரியான சொல் எது, அதை நிரல் எப்படிச் சரிபார்க்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இப்படி முடிந்த நிரலிலிருந்து பின்னோக்கிப் போய் அறிவதுதான் ரிவர்ஸ் இன்ஜினியரிங்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கருவியைத் திறந்ததும் முதல் வரியிலிருந்து நாவல் படிப்பதுபோல் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முக்கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், நிரலை எழுதியவர் தொடவே தொடாத, கம்பைலர் (மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) தானாகச் சேர்த்த தொடக்கப் பகுதியில் நின்றுகொண்டிருப்பார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காக உருவானது.

1. உட்காருவதற்கு முன்

சி மொழி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வரியை வாங்கி, இன்னொரு சொல்லோடு ஒப்பிட்டு, பதில் அச்சிடும் நிரலைப் பார்க்காமல் எழுத முடிந்தால் போதும். முடியாவிட்டால் இரண்டு வாரம் சி பழகிவிட்டு வாருங்கள். அசெம்ப்ளியில், அதாவது இயந்திர மொழிக் கட்டளைகளை நாம் படிக்கும்படி எழுதிக் காட்டும் வடிவில், தெரிவதெல்லாம் சியின் எலும்புக்கூடு. உடம்பைப் பார்த்திராதவருக்கு எலும்பை வைத்து ஒன்றும் விளங்காது.

பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்களும் எக்ஸ்ஓஆர் கணக்கும் (இரண்டு எண்களைப் பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) காகிதத்தில் போடத் தெரிய வேண்டும். ஒரு எண்ணை 7 உடன் எக்ஸ்ஓஆர் செய்து, வந்த விடையை மறுபடியும் 7 உடன் எக்ஸ்ஓஆர் செய்தால் பழைய எண்ணே திரும்பி வரும். தொடக்கநிலைப் புதிர்கள் பல இந்த ஒரு குணத்தை நம்பித்தான் எழுதப்படுகின்றன.

கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் லினக்ஸ் நிறுவிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடத்தில் ஓட்டக் கூடாது என்பதே காரணம். ஓட்டுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடுங்கள், அதாவது பிறகு திரும்பி வரும்படி அப்போதைய நிலையைச் சேமியுங்கள். இணைய இணைப்பையும் பகிர்வுக் கோப்புறையையும் துண்டியுங்கள். ஸ்னாப்ஷாட்டை நிரல் ஓடி முடிந்த பிறகு எடுத்த ஒருவரை நாங்கள் இன்னும் கேலி செய்துகொண்டிருக்கிறோம்.

கருவிகள் நான்கு: ஜிசிசி (சி கம்பைலர்), ஜிடிபி (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கர்), பைத்தான், கித்ரா. கித்ரா அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019 மார்ச்சில் இலவசமாக வெளியிட்ட டிகம்பைலர், அதாவது இயந்திர மொழியைச் சி போன்ற வடிவுக்குத் திருப்பிக் காட்டும் கருவி. அதற்கு ஜாவா தேவை. எந்தப் பதிப்பு என்று அதனுடன் வரும் நிறுவல் குறிப்பில் பார்த்து அதையே போடுங்கள். பழைய ஜாவாவை வைத்துக்கொண்டு "கித்ரா திறக்கவே இல்லை" என்று ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தவர்கள் உண்டு.

ஐந்தாவது கருவி கோடு போட்ட நோட்டு. அதைச் சிலர் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட ஒரு நாளில் அசெம்ப்ளியை அச்செடுத்து வந்து பென்சிலால் அம்புக்குறி போட்டுப் படித்தோம். அன்று பிடிபட்ட அளவு வேறு எந்த நாளிலும் பிடிபட்டதில்லை.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்கென்று கொடுக்கப்பட்ட நிரல்களோடு நின்றுகொள்ளுங்கள். முறையாகப் பெற்ற நிரலின் இயக்கத்தைக் கவனித்து அதன் அடிப்படைக் கருத்தை அறிய நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைக்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள்.

2. முதலில் நீங்களே ஒன்றை எழுதிப் பிரியுங்கள்

இந்தப் படியை எல்லாரும் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவி ஒருவர்தான் இதற்குச் சரியான காரணம் சொன்னார்: "வளையத்தை ஒட்டியவருக்குத்தான் அண்ணா எங்கே ஒட்டியது என்று தெரியும். மற்றவர்கள் கொலுசையே நெளித்துவிடுவார்கள்."

பத்து வரியில் ஒரு கடவுச்சொல் நிரல் எழுதுங்கள். அதை மூன்று விதமாகக் கம்பைல் செய்யுங்கள்: சீரமைப்பு (நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் ஆப்டிமைசேஷன்) எதுவும் இல்லாமல் ஒன்று, இரண்டாம் நிலைச் சீரமைப்போடு ஒன்று, பெயர்களை ஸ்டிரிப் செய்து நீக்கி ஒன்று. மூன்றையும் கித்ராவில் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள்.

முதலாவதில் உங்கள் ஒவ்வொரு மாறியும் ஸ்டாக்கில் (மெமரியில் தற்காலிக மதிப்புகள் தங்கும் பகுதி) ஓர் இடம் பிடித்திருக்கும். இரண்டாவதில் பாதி மாறிகள் ரெஜிஸ்டருக்குள் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) போய் மறைந்திருக்கும். வரி முடிவோடு நீங்கள் எழுதிய பிரின்ட்எஃப், புட்ஸ் என்று மாறி நிற்பதையும் காணலாம். அது ஜிசிசியின் வழக்கம். மூன்றாவதில் மெயின் என்ற பெயரே இருக்காது. அப்போது நுழைவுப் புள்ளிக்குப் போங்கள். அங்கே சியின் தொடக்கச் செயற்கூறு (ஃபங்ஷன்) அழைக்கப்படும்; அதற்குக் கொடுக்கப்படும் முதல் மதிப்புதான் மெயினின் முகவரி. சொந்த நிரலில் ஒருமுறை இதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்தவர் நிரலில் தேடுவது அரை நிமிட வேலை.

3. ஓட்டாமல் பாருங்கள்

இப்போது ஒரு கிராக்மீயை எடுங்கள். முதலில் ஃபைல் கட்டளை. அது 64 பிட்டா 32 பிட்டா, லினக்ஸ் கோப்பா விண்டோஸ் கோப்பா, பெயர்கள் நீக்கப்பட்டதா என்று சொல்லிவிடும். இதைத் தாண்டியவர்கள் விண்டோஸ் கோப்பை லினக்ஸில் ஓட்டிப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது ஸ்டிரிங்ஸ். கோப்புக்குள் தொடர்ச்சியாக நான்கு எழுத்துகளாவது படிக்கும்படி இருந்தால் அது அச்சிட்டுக் காட்டும். வெற்றிச் செய்தி, தோல்விச் செய்தி, சந்தேகத்துக்குரிய சொற்கள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். விடை இங்கேயே கிடைத்தாலும் நிறுத்தாதீர்கள். அந்தச் சொல்லை நிரல் எங்கே ஒப்பிடுகிறது என்று காட்ட முடிந்தால்தான் புதிர் முடிந்ததாகக் கணக்கு.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் செய்திகளைத் தமிழிலேயே வைத்துப் புதிர் எழுதினார். ஸ்டிரிங்ஸ் ஒன்றையும் காட்டவில்லை. மற்றவர்கள் ஏதோ பெரிய மறையாக்கம் என்று மிரண்டுபோனார்கள். விஷயம் இதுதான்: அந்தக் கட்டளை வழக்கமாக ஏழு பிட் ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தென்று மதிக்கும். குறிமுறை விருப்பத்தில் பெரிய எஸ் கொடுத்தவுடன் தமிழ் வரிகள் எல்லாம் வெளியே வந்தன.

4. ஓட்டிப் பாருங்கள், ஆனால் கேள்வியோடு

வெறுமனே பத்துச் சொற்களைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஓர் எழுத்து கொடுத்தால் என்ன சொல்கிறது? நூறு எழுத்துக்கு? ஒன்றும் கொடுக்காமல் என்டர் தட்டினால்? நீளம் தவறாக இருக்கும்போதும் எழுத்து தவறாக இருக்கும்போதும் ஒரே செய்திதானா? செய்திகள் வேறுபட்டால் உள்ளே இரண்டு வாயில்கள் இருக்கின்றன என்று பொருள்.

இந்த இடத்தில் உங்கள் ஊகத்தை ஒரு வரியில் எழுதிவையுங்கள்: "முதலில் நீளம் பார்க்கிறது, பிறகு எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது" என்பதுபோல. ஊகம் தப்பாக இருக்கலாம், பரவாயில்லை. எழுதிய ஊகம் இல்லாமல் கித்ராவுக்குள் போகிறவருக்கு எதைத் தேடுகிறோம் என்பதே தெரியாது.

5. தோல்விச் செய்தியிலிருந்து பின்னோக்கி நடங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

கித்ராவில் புதிய புராஜெக்ட் தொடங்கி, கோப்பை இறக்கி, பகுப்பாய்வு செய்யவா என்று கேட்டால் சம்மதியுங்கள். மெயினைத் தேடி ஓடாதீர்கள். சரங்களின் (ஸ்டிரிங், அதாவது எழுத்துத் தொடர்கள்) பட்டியலைத் திறந்து, நோட்டில் எழுதிய தோல்விச் செய்தியைக் கண்டுபிடியுங்கள். அதன்மேல் வலது சொடுக்கி, அந்த முகவரியை யார் குறிப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒன்றோ இரண்டோ இடங்கள் வரும். அங்கே போங்கள்.

இப்போது செய்தியை அச்சிடும் இடத்தில் நிற்கிறீர்கள். கேள்வி ஒன்றே: இங்கே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்த கட்டளை எது? அது சற்று மேலே, ஒரு நிபந்தனைத் தாவலாக இருக்கும். அதற்கு ஒட்டி மேலே ஓர் ஒப்பீடு. ஒப்பிடப்படும் இரண்டில் ஒன்று நீங்கள் தட்டியதிலிருந்து வந்தது, மற்றது நிரலுக்குச் சொந்தமானது. பின்னோக்கி நடந்து இந்த இரண்டின் பிறப்பிடத்தையும் கண்டால் வேலை முடிந்தது. மூவாயிரம் வரிகளில் நீங்கள் படிக்க வேண்டியது முப்பது வரிதான்.

நடக்கும்போதே பெயர் சூட்டுங்கள். மாறியின்மேல் நின்று எல் விசையைத் தட்டினால் பெயர் மாற்றலாம். அரைப்புள்ளி விசை குறிப்பு எழுத உதவும். கித்ரா தானாக வைக்கும் பெயர்கள் பதினைந்து நிமிடத்தில் கண்ணைக் கட்டிவிடும். "பயனர் தட்டியது", "நீளம்" என்று வைத்தபின் அதே பக்கம் வேறு பக்கமாகத் தெரியும்.

இங்கே மூன்று சறுக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

சரங்களை ஒப்பிடும் எஸ்டிஆர்சிஎம்பி, இரண்டும் ஒன்றாக இருந்தால் பூஜ்யம் தரும். பூஜ்யம் என்றால் பொய் என்று மனப்பாடம் செய்தவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள்.

"சமமானால் வெற்றி" என்று சியில் எழுதியதைக் கம்பைலர் பெரும்பாலும் "சமமில்லையென்றால் தோல்விக்குத் தாவு" என்று மாற்றிவிடும். எனவே தாவல் கட்டளையின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், எங்கே தாவுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

ஒரு ரெஜிஸ்டரை அதே ரெஜிஸ்டரோடு எக்ஸ்ஓஆர் செய்திருந்தால் அது மறையாக்கம் அன்று. அந்த ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் வழக்கமான வழி.

6. ஒரு பூட்டை அருகிலிருந்து

புதியவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் புதிர் இது. ஸ்டிரிங்ஸ் ஓட்டினால் செய்திகளுக்கு நடுவே பொருளற்ற ஐந்தெழுத்துச் சொல் ஒன்று தெரியும்: டி, எஃப், கே, பி, ஜே, எல்லாம் சிறிய எழுத்து. அதை அப்படியே தட்டுவார்கள். தவறு என்று வரும். "அண்ணா, உங்கள் நிரலிலேயே பிழை" என்பார்கள்.

தோல்விச் செய்தியிலிருந்து மேலே நடந்தால் இரண்டு ஒப்பீடுகள். முதலாவது நீளம் 5 தானா என்று பார்க்கிறது. இரண்டாவது ஒரு சுழற்சிக்குள் இருக்கிறது. சுருக்கிச் சொன்னால்:

மூவ்இசட்எக்ஸ் இஏஎக்ஸ், [தட்டியதில் அடுத்த பைட்]
எக்ஸ்ஓஆர் இஏஎக்ஸ், 7
சிஎம்பி ஏஎல், [சேமித்ததில் அதே இடத்துப் பைட்]
ஜேஎன்இ தோல்விப் பகுதி

நாம் தட்டுவதை இஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் வைத்து 7 உடன் எக்ஸ்ஓஆர் செய்து, பிறகு அதன் கடைசி பைட்டான ஏஎல்லைச் சேமித்ததோடு ஒப்பிடுகிறது (சிஎம்பி); சமமில்லையென்றால் தோல்விக்குத் தாவுகிறது (ஜேஎன்இ). ஆகவே சேமித்ததை 7 உடன் எக்ஸ்ஓஆர் செய்தால் தட்ட வேண்டியது கிடைக்கும். சேமித்த பைட்டுகள் பத்தடிமானத்தில் 116, 102, 107, 98, 106. ஒவ்வொன்றையும் 7 உடன் எக்ஸ்ஓஆர் செய்தால் 115, 97, 108, 101, 109. ஆங்கில எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் பார்த்தால் எஸ், ஏ, எல், ஈ, எம். நம் ஊர்ப் பெயர்தான்.

இதிலும் ஒருவர் விழுந்தார், விழுந்த விதம் அழகு. கித்ரா பைட்டுகளைப் பதினாறடிமானத்தில் காட்டும். முதல் இரண்டும் 74, 66. அவற்றைப் பத்தடிமானம் என்று எண்ணி 7 உடன் எக்ஸ்ஓஆர் செய்தார். 77, 69 வந்தது. ஆஸ்கியில் பெரிய எம், பெரிய ஈ. எழுத்துகள் வந்துவிட்டதால் சந்தேகமே எழவில்லை. மூன்றாவது பைட்டில் இலக்கத்தோடு ஓர் எழுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றபோதுதான் விழித்துக்கொண்டார். நோட்டில் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் ப16 என்றோ ப10 என்றோ குறிப்பது அன்றிலிருந்து எங்கள் வழக்கம்.

இன்னொன்று: எஃப்கெட்ஸ் மூலம் வாங்கும் நிரலில், தட்டிய என்டரும் ஒரு பைட்டாக உள்ளே போகும். அதை நீக்காத நிரலில் ஐந்தெழுத்துச் சொல்லின் நீளம் 6. விடை சரியாக இருந்தும் நிரல் மறுத்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

7. ஊகத்தை ஜிடிபியில் உறுதிசெய்யுங்கள்

கித்ரா காட்டுவது ஓர் ஊகம். ஓடும் நிரல்தான் சாட்சி. ஒப்பீட்டுக் கட்டளையில் பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்தி, ரெஜிஸ்டர்களைப் பாருங்கள். 64 பிட் லினக்ஸில் அழைக்கப்படும் செயற்கூறுக்கு முதல் மதிப்பு ஆர்டிஐயிலும் இரண்டாவது ஆர்எஸ்ஐயிலும் போகும். விடை ஆர்ஏஎக்ஸில் திரும்பும். எஸ்டிஆர்சிஎம்பியை அழைக்கும் கட்டளையின் வாசலில் நிறுத்தி, எக்ஸ்/எஸ் கட்டளையால் அந்த இரண்டையும் சரமாகப் பார்த்தால், நீங்கள் தட்டியதும் நிரல் எதிர்பார்ப்பதும் அருகருகே தெரியும்.

உள்ளே போனவுடன் டிஸ்அசெம்ப்ளியை இன்டெல் வடிவுக்கு மாற்றிவிடுங்கள். ஜிடிபியின் இயல்பான வடிவில் மூலமும் இலக்கும் இடம் மாறி நிற்கும்; கித்ராவையும் அதையும் மாறி மாறிப் பார்த்தால் குழப்பம் நிச்சயம்.

அதிகம் பேர் கைவிடும் இடம் முகவரி. கித்ராவில் மெயின் 101189 என்று இருக்கும். அதையே ஜிடிபியில் கொடுத்தால் அந்த மெமரியைத் தொட முடியவில்லை என்று பிழை வரும். இன்றைய பைனரிகள் எந்த இடத்தில் ஏற்றினாலும் ஓடும்படி கட்டப்பட்டவை. கித்ரா அவற்றை வழக்கமாக 100000 என்ற அடியிலிருந்து எண்ணும். ஜிடிபிக்குள் ஓடும்போது அடி பெரும்பாலும் 555555554000. இரண்டும் பதினாறடிமானம்.

ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பஸ் நிலையத்திலிருந்து எண்ணினால் பன்னிரண்டாம் வளைவுக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. ஐந்து ரோட்டிலிருந்து எண்ணினால் வேறு கணக்கு. அடிவாரத்திலிருந்து அந்த வளைவு எவ்வளவு தூரம் என்பது மட்டும் மாறாது. இங்கும் அப்படித்தான்: 101189இல் அடியைக் கழித்தால் 1189, அதை ஜிடிபியின் அடியோடு கூட்டினால் 555555555189. பிரேக்பாயின்ட் அங்கேதான்.

முகவரியில் பிரேக்பாயின்ட் வைக்கும்போது முன்னால் உடுக்குறி (*) போட மறக்காதீர்கள். நிரலை ஒருமுறை தொடங்கிய பிறகே வையுங்கள். தொடங்குவதற்கு முன் நிரல் எங்கே அமரும் என்று ஜிடிபிக்கே தெரியாது. மெயின் என்ற பெயர் நீக்கப்பட்டிருந்தால் ஸ்டார்ட் வேலை செய்யாது, ஸ்டார்ட்ஐ கொடுங்கள்.

8. தாவலை மாற்றுவது விடையாகாது

ஜேஎன்இயின் குறுகிய வடிவம் இயந்திர மொழியில் பதினாறடிமான 75, "சமமானால் தாவு" என்னும் ஜேஇ 74. முழுச் சொல்லையும் ஒரே ஒப்பீட்டில் பார்க்கும் நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் எந்தச் சொல்லுக்கும் நிரல் தலையாட்டும். கற்றவுடன் எல்லாரும் இரண்டு நாள் இதையே செய்து மகிழ்கிறார்கள். எல்லாச் சொல்லுக்கும் என்றேன், ஒன்றைத் தவிர: தாவலைத் திருப்பிப் போட்டதால் உண்மையான கடவுச்சொல்லுக்கு இப்போது தோல்விதான் வரும்.

மாற்றிப் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. முடிவு செய்யும் கட்டளை இதுதானா என்ற சந்தேகம் தீரும். அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். புதிர் கேட்பது சாவியை; கதவைக் கழற்றி வைத்துவிட்டுச் சாவி கிடைத்தது என்று சொல்ல முடியாது.

9. பெயரும் எண்ணும் கேட்கும் வகை

இதில் பெயர் மாறினால் சாவியும் மாறும். உள்ளே நடக்கும் கணக்கைப் புரிந்துகொண்டு, எந்தப் பெயருக்கும் சாவி தரும் நிரலைப் பைத்தானில் எழுதுவதே விடை.

எடுத்துக்காட்டாக, எழுத்துகளின் ஆஸ்கி மதிப்புகளைக் கூட்டி, மூன்றால் பெருக்கி, 20 சேர்க்கும் நிரல். மேலே கண்ட ஐந்தெழுத்துக்குக் கூட்டுத்தொகை 530, சாவி 1610. ஆனால் அசெம்ப்ளியில் பெருக்கலைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். சீரமைத்த நிரலில் மூன்று மடங்கை எல்இஏ என்ற முகவரிக் கட்டளையே போட்டுவிடும்: எண், அதோடு அதன் இரு மடங்கு, அதோடு 20. அது மெமரியைத் தொடுவதில்லை, வெறும் கூட்டல். வகுத்தலோ பிரம்மாண்டமான ஓர் எண்ணால் பெருக்குவதாக வேடம் போட்டிருக்கும். அதை டிகம்பைலரிடம் விட்டுவிடுங்கள்.

எழுதி முடித்த சாவி நிரலை ஒரு பெயரோடு விடாதீர்கள். ஐந்தாறு பெயர்கள், ஒற்றை எழுத்து, இடைவெளி உள்ள பெயர், கடைசியாக ஒரு தமிழ்ப் பெயர். தமிழில் வைத்தால்தான் வேடிக்கை தெரியும். "சேலம்" என்பதன் நீளம் பைத்தானுக்கு 5, சியின் எஸ்டிஆர்எல்இஎன்னுக்கு 15. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். போதாததற்கு ஒவ்வொன்றின் முதல் பைட் 224. நம் கணினிகளில் ஜிசிசி அதைக் குறியுள்ள எண்ணாக (கழித்தல் குறியும் வரக்கூடிய எண்) எடுத்து −32 என்று கூட்டும். பைத்தானோ ஒவ்வொரு குறிக்கும் யூனிகோடு தரும் எண்ணையே கூட்டியிருக்கும். சாவி பொருந்தாது. அசெம்ப்ளியில் மூவ்எஸ்எக்ஸ் இருந்தால் குறியுள்ளது, மூவ்இசட்எக்ஸ் இருந்தால் குறியற்றது. பல மாதமாக அந்த இரண்டு கட்டளைகளையும் ஒன்றென்றே கடந்து போனவர்களுக்கு அன்றைக்குத்தான் வேறுபாடு உறைத்தது.

10. புதிர்களை எடுக்கும் வரிசை

கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் நடத்தும் பைக்கோசிடிஎஃப் என்ற கணினிப் பாதுகாப்புப் புதிர்ப் போட்டியின் பயிற்சிப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அங்கே எளிய புதிர்கள் சில பைத்தான் மூல நிரலாகவே இருக்கும். பின்னோக்கி நடக்கும் பழக்கத்துக்கு நல்லவை. பிறகு கிராக்மீஸ் டாட் ஒன் களஞ்சியத்தில் லினக்ஸ், 64 பிட், சி மொழி என்று வடிகட்டி, கடினத்தில் ஒன்று என்று குறித்தவற்றை எடுங்கள். கோ, ரஸ்ட் மொழிகளில் எழுதியவை இப்போதைக்கு வேண்டாம். மொழியின் நூலகமே உள்ளே சேர்ந்து வருவதால் செயற்கூறுகள் ஆயிரக்கணக்கில் நிற்கும். எழுதியவர் கைப்பட்ட பத்தைத் தேடுவதே தனி வேலை.

ஸ்டிரிங்ஸில் யுபிஎக்ஸ் என்ற சுருக்கும் கருவியின் பெயர் தென்பட்டால் கோப்பு சுருக்கப்பட்டிருக்கிறது. அதே கருவியின் விரிக்கும் விருப்பத்தைக் கொடுத்து விரித்துவிட்டு மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஜிடிபிக்குள் மட்டும் நிரல் முறைத்துக்கொண்டு வெளியேறினால் பிட்ரேஸ் (ஒரு நிரல் இன்னொன்றைக் கண்காணிக்க உதவும் லினக்ஸ் வசதி) அழைப்பு இருக்கிறதா பாருங்கள். டீபக்கர் ஒட்டியிருந்தால் அது −1 தரும், நிரல் அதை வைத்துக் கண்டுகொள்ளும்.

ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால் மட்டும் அடுத்தவர் எழுதிய தீர்வைத் திறக்கலாம் என்பது எங்கள் விதி. அதுவும் சிக்கிய இடம் வரை படித்து மூடிவிட வேண்டும். மறுநாள் நோட்டைப் பார்க்காமல் அதே கோப்பை முதலிலிருந்து அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தவர் தன் வழியை அரைப் பக்கத்தில் எழுதி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுப்பார். அவர் அந்த அரைப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாவியை எடுத்துக் காட்டிய பிறகே எல்லாரும் எழுந்து தட்டுவடை செட் சாப்பிடப் போகிறோம்.